எடை தூக்க யார் பேச்சைக் கேட்பது?

போன வருஷம் ஆடியில் எனக்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 1.9 என்று வந்தது. மைனஸ் 1 வரை கவலையில்லை. மைனஸ் 2.5-ஐத் தொட்டால் எலும்புப் புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். "தினம் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேனே டாக்டர்" என்றேன். "விடாதீங்க, நல்லதுதான். ஆனா எலும்புக்கு அது பத்தாது. எடை தூக்கிப் பழகுங்க. தெரிஞ்சவங்ககிட்ட கத்துக்கிட்டுச் செய்யுங்க" என்றார். வயது 51. பள்ளியில் உயிரியல் ஆசிரியை. என் அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்து, கடைசி ஒன்றரை வருஷம் கட்டிலோடு கிடந்தவர். அதனால் நான் மறுபேச்சு பேசவில்லை.

"தெரிஞ்சவங்க" யார் என்பதில்தான் சிக்கல் வந்தது.

உறையூரில் எங்கள் தெருமுனையில் அரிசி மண்டி ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் ஒரு ஜிம். மாஸ்டருக்கு அறுபதைத் தொடும் வயது, 28 வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார். சுவர் முழுக்க ஆணழகன் போட்டியில் கோப்பை வாங்கிய பையன்களின் படங்கள். மாதம் 1,000 ரூபாய். இன்னொரு பக்கம், என் பழைய மாணவன் ஒருவன் சொல்லி அறிமுகமான ஆன்லைன் பயிற்சியாளர். பெங்களூருவில் இருக்கிறார், விளையாட்டு அறிவியல் படித்தவர், எதைக் கேட்டாலும் ஓர் ஆய்வுக் கட்டுரையை அனுப்பிவைப்பார். மாதம் 4,500 ரூபாய். எதை எடுப்பது என்று புரியாமல் மூன்று மாதம் இரண்டுக்கும் பணம் கட்டினேன். வீட்டுக்காரர் கேட்டபோது 1,000 கணக்கை மட்டும் சொன்னேன்.

இரண்டு பேரும் முதல் வாரமே முட்டிக்கொண்டார்கள், நேரில் இல்லை, என் வழியாக.

மாஸ்டர் என் கையில் 2 கிலோ டம்பெல் இரண்டைக் கொடுத்தார். "லேடீஸுக்குச் சின்ன வெயிட்டு, நிறைய ரெப்பு. இந்த வயசுல பெரிய வெயிட்டெல்லாம் எதுக்கு டீச்சர்? முதுகு பிடிச்சுக்கும்." ஒரு செட்டுக்கு, அதாவது நடுவில் ஓய்வில்லாமல், 20 முறை. ஒவ்வொரு முறை தூக்குவதும் ஒரு ரெப். இரண்டு வாரத்தில் அது எனக்குக் கை ஆட்டுவது போல ஆகிவிட்டது. பால் பையும் காய்கறிப் பையும் இதைவிடக் கனம்.

பெங்களூருத் தம்பி வேறு சொன்னார். "மேம், நீங்க சேரும்போது சொன்ன காரணம் எலும்பு. அதுக்கு இந்த எடை எதுவும் செய்யாது." கூடவே ஒரு கட்டுரை வந்தது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் செய்த லிஃப்ட்மோர் என்ற ஆய்வு. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் 101 பேர். டி-ஸ்கோர் மைனஸ் 1-க்குக் கீழே இருப்பவர்கள், அதாவது என்னைப் போன்றவர்கள். சராசரி வயது 65, என்னைவிட மூத்தவர்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், 8 மாதம், நிஜமாகவே கனமான எடையைத் தூக்கியது. எடை மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) தரையில் இருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், அதைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேலே தூக்கும் பிரஸ், ஒவ்வொன்றிலும் 5 செட், செட்டுக்கு 5 முறை. ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடை எதுவோ, அதில் 85 சதவீதத்துக்கு மேல். கூடவே குதித்து இறங்கும் பயிற்சி ஒன்று. இன்னொரு குழு வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தது. முடிவில் கனமாகத் தூக்கியவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் ஏறியிருந்தது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் இறங்கியிருந்தது. முதுகு பிடித்துக்கொண்டதா என்றால், கனமான குழுவில் ஒருவருக்கு லேசாகப் பிடித்தது. அவ்வளவுதான்.

வயதானவர்கள் கனம் தூக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிடப் பழைய பதிலும் உண்டு. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! இதைப் படித்த அன்று 2 கிலோ டம்பெல்லைப் பார்த்தாலே எனக்கு வெட்கமாக இருந்தது.

சரி, 28 வருஷம் சொல்லிக்கொடுத்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது? மாஸ்டர் கெட்டிக்காரர், சோம்பேறியும் இல்லை. யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. இத்தனை வருஷத்தில் ஐம்பது தாண்டிய பெண்கள் எத்தனை பேர் அவரிடம் வந்திருப்பார்கள்? கேட்டேன். விரல் விட்டு எண்ணினார், ஒரு கை போதும். அதில் யாரும் மூன்று மாதம் தாண்டவில்லை. அதைவிட முக்கியம், எலும்பு வெளியே தெரியாது. கை பெருத்தால் கண்ணாடியில் தெரியும், பாரில் எடை ஏறினால் கண்ணால் பார்க்கலாம். முதுகெலும்பின் அடர்த்தி 1 சதவீதம் ஏறியதா இறங்கியதா என்பதை எந்த மாஸ்டரும் பார்த்தே சொல்ல முடியாது. பார்க்க முடியாததில் அனுபவம் சேராது. ஒரே தவறை 28 வருஷம் செய்தாலும் அது தவறு என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அனுபவத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சுவரில் இருக்கும் படங்கள் எல்லாம் தாக்குப்பிடித்தவர்களின் படங்கள். தோள் போய் நின்றவன், சலித்துப் போய் நின்றவள், இவர்களுக்குப் படமில்லை. பல்கேரியாவின் இவான் அபாஜியேவ் கதை இதற்குப் பெரிய உதாரணம். தினமும், ஒரே நாளில் பல தடவை, உச்ச எடைக்குப் பக்கத்தில் தூக்கவைத்த பளுதூக்கும் பயிற்சியாளர். அவர் பட்டறையில் இருந்து உலக சாம்பியன்கள் வரிசையாக வந்தார்கள். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் அந்த அட்டவணையை நகலெடுத்தார்கள். நகலில் வராத விஷயங்கள் இரண்டு: எத்தனை பையன்கள் வழியில் நொறுங்கினார்கள் என்பதும், ஊக்கமருந்தும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு பல்கேரிய வீரர்களின் தங்கம் பறிக்கப்பட்டு, அந்த அணியே போட்டியில் இருந்து விலகியது. "ஜெயிச்சவன் இப்படித்தான் செஞ்சான்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

இவ்வளவு தூரம் படித்தவர்கள் நான் மாஸ்டரை விட்டுவிட்டேன் என்று நினைப்பீர்கள். டெட்லிஃப்ட் கற்றுக்கொள்ளப் போன அன்று கதை மாறியது.

ஆன்லைன் தம்பி அனுப்பிய அட்டவணையில் "வெறும் பாரில் ஆரம்பிக்கவும், 20 கிலோ" என்று இருந்தது. நான் செல்போனை டம்பெல் ரேக்கில் சாய்த்து வைத்து, வீடியோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் மதியம் பதில்: "மேம், கீழ் முதுகு வளையுது, இடுப்பை இன்னும் பின்னாடி தள்ளுங்க." தள்ளினேன். மறுபடியும் வீடியோ, மறுபடியும் மறுநாள் பதில்: "இப்ப முட்டி ரொம்ப மடங்குது." ஒரு வாரம் இப்படியே போனது. அவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இடுப்பைப் பின்னால் தள்ளுவது என்றால் என்ன என்று என் உடம்புக்குப் புரியவே இல்லை.

மாஸ்டர் அதுவரை ஓரமாக உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் எழுந்து, கூட்டுகிற துடைப்பத்தின் கழியைப் பிடுங்கி வந்து என் முதுகில் நெட்டுக்கு வைத்தார். "பின்மண்டை, நடு முதுகு, வால் எலும்பு. மூணு இடத்துலயும் குச்சி ஒட்டணும். ஒண்ணு விலகினாலும் நிறுத்திடுங்க. இப்ப பின்னாடி கார் கதவைச் சாத்துற மாதிரி, கையில பை இருக்கு, இடுப்பால சாத்துங்க." சாத்தினேன். ஒரு வாரம் எட்டாதது பத்து நொடியில் வந்தது. இரண்டாவது செட்டில், "டீச்சர், இடது காலை நம்ப மாட்டேங்கறீங்க" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பேருந்துப் படியில் இடது கணுக்கால் பிசகியதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. கேட்டதற்கு, "பாரைத் தரையில வைக்கிறப்போ வலது பக்கம் முதல்ல சத்தம் கேக்குது" என்றார்.

அப்புறம் இன்னொன்றும் செய்தார். போட்டிகளில் பாரின் முனைகளில் மாட்டும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் பார் தரையில் இருந்து 22 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஆய்வுகளும் வீடியோக்களும் பேசுவது அந்த உயரத்தை. எங்கள் ஜிம்மில் இருப்பவை சின்ன இரும்பு பிளேட்டுகள். பார் கணுக்கால் பக்கத்தில் கிடக்கும். என்னைப் போல இடுப்பு இறுகியவள் அங்கே குனிந்தால் முதுகு வளையாமல் என்ன செய்யும்? மாஸ்டர் இரண்டு பக்கமும் ரப்பர் பாயை மடித்து அடியில் கொடுத்து பாரை உயர்த்தினார். முதுகு நேரானது. அந்தப் பிரச்சினைக்குப் பெயர் முதுகே இல்லை, பிளேட்டு.

பாரின் எடை 20 கிலோதானா என்று எனக்கு ஒரு சந்தேகம். கீழே மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாஸ்டரும் எடுத்துப் போய் நிறுத்தோம். 13 கிலோ 500 கிராம். மூன்று வாரமாக நான் பெங்களூருக்கு அனுப்பிய கணக்கு எல்லாம் ஒவ்வொரு வரியிலும் ஆறரை கிலோ பொய். அந்தக் கணக்கை வைத்து அவர் சதவீதம் போட்டுக்கொண்டிருந்தார்.

அனுபவம் எங்கே வேலை செய்கிறது என்பது அன்று புரிந்தது. தப்பு செய்தால் அந்த நொடியே தெரிகிற இடத்தில். முதுகு வளைந்தால் உடனே தெரிகிறது, சொன்னது சரியா என்பதும் அடுத்த ரெப்பிலேயே தெரிகிறது. இப்படி 28 வருஷம், நாளைக்கு நூறு தடவை என்றால், அந்தக் கண்ணும் காதும் எப்படித் தீட்டப்பட்டிருக்கும்! இந்த அறிவு கட்டுரையில் வராது. ஆய்வாளர் ஒருவர் நினைத்தாலும் எழுத முடியாது, ஏனென்றால் என் இடது கணுக்கால் யாருடைய சராசரியிலும் இல்லை.

சராசரி என்றதும் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். 2005-ல் வந்த ஓர் ஆய்வில் 585 பேருக்கு 12 வாரம் ஒரே மாதிரியான கைப்பயிற்சி கொடுத்தார்கள், ஒரு கைக்கு மட்டும். முடிவில் சிலருக்குத் தசை 2 சதவீதம் குறைந்தே இருந்தது, ஒருவருக்கு 59 சதவீதம் கூடியிருந்தது. வலிமையில் ஒன்றுமே ஏறாதவர் முதல் 250 சதவீதம் ஏறியவர் வரை இருந்தார்கள். அட்டவணை ஒன்றே, ஆட்கள்தான் வேறு. ஆய்வு சொல்வது நடுவில் நிற்கும் எண்ணை. நீங்கள் எந்த ஓரத்தில் இருக்கிறீர்கள் என்பதை வாரா வாரம் குறித்துக்கொண்டு பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு மனசு முழுசாக மாறியது மாஸ்டர் கேட்ட ஒரு கேள்வியால். லிஃப்ட்மோர் ஆய்வை அவருக்குத் தமிழில் சொன்னேன். வாத்தியார் வேலையே அதுதானே. பொறுமையாகக் கேட்டார். கனமான எடைக்கு அவர் சம்மதிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எத்தனை பேரு?"

"நூத்தி ஒண்ணு, மாஸ்டர்."

"ம். அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். கனமாகத் தூக்கிய குழுவுக்கு ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றிருக்கிறார். முதல் மாதம் லேசான எடையில் முறையை மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். லேசாகச் செய்த குழுதான் வீட்டில் தனியாகச் செய்தது. ஆக, "கனமாகத் தூக்கினால் எலும்பு தேறும்" என்று நான் ஒரு வரியாகச் சுருக்கி வைத்திருந்த முடிவுக்குள்ளே ஒரு மாஸ்டர் நின்றுகொண்டிருக்கிறார். அவரை எடுத்துவிட்டால் அந்த 2.9 சதவீதத்துக்கு யார் பொறுப்பு? அந்த ஒரே ஒரு முதுகுப் பிடிப்புக்கு?

இதையே தனியாக அளந்து பார்த்த ஆய்வும் உண்டு. 2000-ல், ஓரளவு பழகிய ஆண்கள் 20 பேருக்கு ஒரே அட்டவணையை 12 வாரம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பக்கத்தில் பயிற்சியாளர், மீதிப் பேர் தாங்களாகவே. மேற்பார்வையில் செய்தவர்கள் வேகமாக எடையைக் கூட்டினார்கள், முடிவில் அவர்களின் வலிமையும் அதிகம். பயிற்சியாளர் வேண்டும் என்பதற்கு ஆய்வே சாட்சி சொல்கிறது. வேடிக்கைதான்.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதே கொஞ்சம் பிசகு என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான். மாஸ்டர் எல்லோருக்கும் சொல்லும் மந்திரம் "மூணு செட்டு, பத்து ரெப்பு". எங்கே கற்றீர்கள் என்றால், "எங்க மாஸ்டர் சொன்னது" என்பார். அந்த மந்திரத்தின் வேர் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய்கள் கட்டிலில் நாள்கணக்காகக் கிடந்தபோது, தாமஸ் டிலோர்ம் என்ற இளம் டாக்டர் அவர்களைக் கனமான எடை தூக்கவைத்துப் பார்த்தார். 1945-ல் எழுதியபோது 7 முதல் 10 செட் வரை சொன்னார். 1948-ல் வாட்கின்ஸ் என்ற சக டாக்டரோடு சேர்ந்து அதை 3 செட்டாகக் குறைத்தார், ஒவ்வொன்றும் 10 முறை, எடை பாதியில் தொடங்கி முக்காலாகி முழுசாகும். அந்த டாக்டருக்கு இந்த எண்ணம் வந்தது எப்படி? அவரே சின்ன வயதில் நோயில் விழுந்து, எழுந்த பிறகு எடை தூக்கி உடம்பைத் தேற்றியவர். உடற்பயிற்சிக் கூடத்தில் பிறந்தது மருத்துவமனைக்குப் போய், ஆய்வாகி, மறுபடி உறையூர் மாடிக்கு வந்து "எங்க மாஸ்டர் சொன்னது" ஆகிவிட்டது.

ஆய்வு தவறாகப் போய், கூடத்தில் இருந்தவர்கள் சரியாக இருந்த கதையும் உண்டு. 1961-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன், முட்டியின் தளர்ச்சியை அளக்கத் தானே ஒரு கருவி செய்து, ஆழமாக உட்கார்ந்து எழும் ஸ்குவாட் முட்டியின் இணைப்புநார்களைத் தளர்த்துகிறது என்று எழுதினார். அமெரிக்காவில் பலகாலம் ஆழமான ஸ்குவாட் என்றாலே முகம் சுளித்தார்கள். பளுதூக்கும் வீரர்களும் அவர்களின் பயிற்சியாளர்களும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடிவரை உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். பின்னால் மற்றவர்கள் அளந்தபோது கிளைன் சொன்னது கிடைக்கவில்லை. 1989-ல் சாண்ட்லரும் உடனிருந்தவர்களும் 8 வாரம் ஸ்குவாட் செய்யவைத்துப் பார்த்ததில் முட்டியின் உறுதி குறையவே இல்லை. அரிவாள்மனையில் குந்தி உட்கார்ந்து கல்யாண வீட்டுக்குக் காய் நறுக்கிய பாட்டிகளிடம் கேட்டிருந்தால் பாதி பதில் அப்போதே கிடைத்திருக்கும், தோளில் பார் இல்லை என்பது வேறு விஷயம்.

மிச்சமுள்ள சண்டைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

செட்டுக்கு நடுவில் ஓய்வு. மாஸ்டர் அரை நிமிடத்தில் விரட்டுவார். 2016-ல் வந்த ஓர் ஆய்வில், பழகிய இளைஞர்கள் 21 பேரில், 3 நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்கு 1 நிமிடம் எடுத்தவர்களைவிட வலிமையும் தசையும் அதிகம் கூடியது. இதில் ஆய்வின் பக்கம். ஆனால் மாஸ்டர் விரட்டுவதற்கு நிஜக் காரணம் வேறு: சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஒரு ஸ்குவாட் ஸ்டாண்டுக்குப் பதினைந்து பையன்கள் நிற்பார்கள். நான் காலை பத்தரைக்குப் போக ஆரம்பித்தேன், பள்ளி விடுமுறையில். பள்ளி திறந்ததும் விடிகாலை ஐந்தரைக்கு.

லேசான எடை, நிறைய ரெப். தசை பெருப்பதற்கு என்றால் மாஸ்டர் முழுக்கத் தப்பு இல்லை. 2015-ல் பழகிய ஆண்கள் 18 பேரிடம் செய்த ஆய்வில், இனி ஒன்றும் முடியாது என்கிற வரை போனால் 25 முதல் 35 முறை தூக்கியவர்களுக்கும் 8 முதல் 12 முறை தூக்கியவர்களுக்கும் தசை ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. வலிமையில் கனமாகத் தூக்கியவர்கள் முந்தினார்கள். நான் 2 கிலோவில் "முடியாது" என்ற இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை என்பதுதான் அங்கே கோளாறு.

புரதப் பவுடர் விஷயத்தில் மாஸ்டர் பேச்சை நான் கேட்பதே இல்லை. கண்ணாடி அலமாரியில் டப்பாக்கள் அடுக்கி வைத்திருக்கிறார், அது அவருக்கு வியாபாரம். 2018-ல் 49 ஆய்வுகளை, 1,863 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று, உடல் எடை கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் புரதம் வரை தசைக்குப் பலன் கூடுகிறது, அதற்கு மேல் போனால் சராசரியில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்னது. எனக்கு அது 90 கிராம் சொச்சம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் அந்த எண்ணை எட்டுவது பெரிய பாடு, கொண்டைக்கடலையும் சோயாவும் தயிரும் கூட்டித்தான் பக்கத்தில் வருகிறேன். தசை வலிமைக்காகச் சாப்பிடும் கிரியேட்டின் பவுடரை மாஸ்டர் "கிட்னியைக் காலி பண்ணிடும்" என்கிறார். முப்பது வருஷத்துக்கு மேலாக ஆராயப்பட்ட பொருள் அது, நாளைக்கு 3 முதல் 5 கிராம் அளவில் ஆரோக்கியமான சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்க அளக்கும் கிரியேட்டினின் (creatinine) என்ற எண் கொஞ்சம் ஏறிக் காட்டும், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பாதி வதந்தி கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம்.

கடைசியில் நான் செய்தது இது. நான்காவது மாதம் ஆன்லைன் பயிற்சியை நிறுத்தினேன். அவர் மேல் குறை ஒன்றும் இல்லை, எனக்குத் தேவையானதில் பெரும்பகுதியை அவர் முதல் மாதமே கொடுத்துவிட்டார்: எந்தப் பயிற்சி, வாரம் எத்தனை முறை, எவ்வளவு கனம் வரை போக வேண்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தினமும் மாறுவதில்லை, அதனால் மாதா மாதம் 4,500 கொடுப்பானேன். இன்றைக்கு முதுகு எப்படி இருக்கிறது, இன்றைக்கு ஏற்றலாமா வேண்டாமா என்பதுதான் தினமும் மாறுகிறது. அதற்கு மாஸ்டர். மாஸ்டரிடம் ஓர் ஒப்பந்தம் போட்டேன்: எந்த எடை வரை போவது என்பது என் கட்டுரை சொல்லும், எப்போது அங்கே போவது என்பது அவர் சொல்வார். முதல் ஆறு வாரம் வெறும் கழியும் பாரும்தான். எனக்கே பொறுமை போனது. அவர் அசையவில்லை.

எல்லோருக்கும் இதே விடை வராது. இருபது வயதுப் பையன், உடம்பில் கோளாறு இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் நல்ல மாஸ்டர் இருக்கிறார் என்றால், ஆய்வுக் கட்டுரைக்குத் தலையை உடைக்க வேண்டாம், எப்படிச் செய்தாலும் முதல் வருஷம் ஏறும். பவுடர் அலமாரியை மட்டும் தள்ளி நின்று பார்க்கட்டும். ஜிம்மில் பெண்கள் கால்வைக்கவே கூச்சப்படும் சூழ்நிலை என்றால், ஆன்லைனில் ஆரம்பிப்பது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். வீடியோவுக்கு மறுநாள் பதில் சொல்லாமல் நேரலையில் பார்க்கும் பயிற்சியாளராகப் பார்த்துப் பிடியுங்கள். ஏற்கெனவே எலும்பு உடைந்தவர்கள், டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழே போனவர்கள், மாஸ்டரிடமும் வேண்டாம் ஆன்லைனிலும் வேண்டாம், முதலில் டாக்டர், பிறகு இயன்முறை மருத்துவர்.

மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை வருஷ அனுபவம் என்று நான் இப்போது கேட்பதில்லை. என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்பேன். பிரிலெப்பின் என்ற சோவியத் பயிற்சியாளர், வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை எண்ணி, எந்தக் கனத்தில் எத்தனை ரெப் நியாயம் என்று போட்ட அட்டவணையை இன்றைக்கும் பளுதூக்குபவர்கள் புரட்டுகிறார்கள். எழுதி வைத்த அனுபவம் என்பதால்தான் அது நம் கை வரைக்கும் வந்தது.

எங்கள் மாஸ்டரிடம் குறிப்பேடு இருந்ததில்லை, எல்லாம் தலைக்குள். இப்போது ஒன்று இருக்கிறது, பள்ளியில் மிச்சமான நீள நோட்டு. என்னைப் பார்த்து, எங்கள் பள்ளி கணக்கு டீச்சரும், மண்டிக்காரரின் அக்காவும் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் தனித்தனிப் பக்கம். முதல் பக்கத்தில் ஜிம்மில் இருக்கும் ஐந்து பாரின் நிஜ எடையும் எழுதியிருக்கிறார், எல்லாவற்றையும் மண்டித் தராசில் போட்டுப் பார்த்து. ஒன்றுகூட 20 கிலோ இல்லை. போன வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் டெட்லிஃப்ட் 47.5 என்று எழுதினார். எனக்கு 50 போட ஆசை. "இடது கால் இன்னைக்கு லேட்டா வருது, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று நோட்டை மூடிவிட்டார்.